உச்சரிக்காத எழுத்து

தூரியின் பெயரில் கடைசியாக ஓர் எழுத்து உண்டு.
முதுகு வளைந்து, கழுத்தில் குறுக்குக்கோடு போட்டது.
ஃபாரோ தீவுகளில் அதை எல்லோரும் எழுதுவார்கள்,
யாரும் உச்சரிப்பதில்லை.

கிளாக்ஸ்விக் துறைமுகத்தின் படகு அட்டவணையை
இணையத்தில் வடிவமைத்தவள் அவள்தான்.
இருபத்தேழு அங்குலத் திரை,
திரைச்சீலை இழுத்த அறை,
வெள்ளையின்மேல் வெளிர்சாம்பல் எழுத்து.
மூடுபனி மாதிரி இருக்கிறது என்றார்கள் அலுவலகத்தில்.
அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
மாவட்டச் செவிலி எல்ஸ்பா வந்தாள்,
மழைக்கோட்டைக் கழற்றாமல்.
நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாய் ஒரு குளம்.
அக்கரையில் ஒருவருக்குக் கால்புண் கட்டிவிட்டு
பதினைந்து இருபது படகுக்கு வந்து நின்றிருக்கிறாள்.
கடைசிப் படகு பதின்மூன்று இருபதுக்கே போய்விட்டது.
ராத்திரி முழுக்கக் காரில்.
குறை எழுதித் தரவில்லை, சத்தம் போடவில்லை.
தண்ணீர் தெறித்த கைப்பேசியை மேசைமேல் வைத்து
"நீயே படி" என்றாள்.

தூரி படித்தாள்.
மூன்றும் ஐந்தும் இரட்டைப் பிள்ளைகள்.
கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள்.
மூடுபனிதான்.

அன்றிரவு பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.
குளிர்காலத்துக்கு ஓர் எழுத்துரு, கோடைக்கு வேறொன்று,
கட்டணத்துக்கு யாரோ எந்த ஆண்டிலோ
விட்டுப்போன மூன்றாவது.
ஓரிடத்தில் சிவப்பு என்றால் படகு ரத்து,
இன்னோரிடத்தில் சிவப்பு என்றால் திருவிழா.
ஒரே வீட்டில் அறைக்கொரு கடிகாரம்,
எதுவும் மற்றதோடு பேசுவதில்லை.

சாம்பலைக் கருப்பாக்கினாள்.
எண்களைக் கொஞ்சம் சதை போடவிட்டாள்.
வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சுவிட இடம்.
அளவையும் நிறத்தையும் ஒரே கோப்பில் ஒரே முறை எழுதி
எல்லாப் பக்கமும் அதைக் கேட்டு நடக்கட்டும் என்றாள்.

படகோட்டி ரோக்விக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
பத்து வருடமாகக் குத்துமதிப்பாகப் படித்திருக்கிறான்.
கேட்டபோதுதான் சொன்னான்,
அதுவும் கேலி செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.
நிறத்தின் பக்கத்தில் சொல்லும் வந்து உட்கார்ந்தது:
ரத்து.

பழைய கைப்பேசிகள் ஒன்பதைக் கடன் வாங்கி
ஜன்னலோரம் வெளிச்சத்தில் அடுக்கினாள்.
எட்டில் குறையில்லை.
ஒன்பதாவதில், அக்கரை ஊரின் பெயர் நடுவே
ஓர் எழுத்து மட்டும் குட்டையாய், தடித்து,
கல்யாணத்துக்கு அடுத்த வீட்டுச் சட்டையில் வந்தவன்போல.
அதே எழுத்து.
அவள் ஆசைப்பட்டுத் தேர்ந்த எழுத்துருவில் அதற்கு இடமில்லை.
கைப்பேசி எங்கிருந்தோ ஒன்றைப் பிடித்துவந்து ஒட்டியிருந்தது.

"நாம் சொல்லாத எழுத்துதானே, யார் பார்க்கப்போகிறார்கள்"
என்றான் பக்கத்து மேசை தோர்லாக்.
அவள் பதில் சொல்லாமல் தன் பெயரைத் தட்டிக் காட்டினாள்.
பெரிய திரையிலேயே
கடைசியில் அந்தக் கடன் சட்டை தெரிந்தது.
விடியற்காலை இரண்டு மணிக்கு எழுத்துருவை மாற்றினாள்,
பிடிக்காத ஒன்றாக,
எல்லா எழுத்தும் உள்ள ஒன்றாக.

ஜனவரி.
காற்று கார்க்கதவைப் பிடுங்குகிறது.
தூரி உள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறாள்,
தப்புச் செய்த பிள்ளை மாதிரி.
எல்ஸ்பா கையுறையைப் பல்லால் இழுத்து
கைப்பேசியை எடுக்கிறாள்.
கண்ணைச் சுருக்கவில்லை.
இரண்டு விரலால் பெரிதாக்கவில்லை.
ரத்து.

காற்றைத் திட்டினாள்,
அதைப் பெற்றவளையும் சேர்த்து.
பக்கத்தை ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.